கார் பேசுது... கொஞ்சம் மூக்கைக் கொடுங்க!

போன வாரம் பைக் செயின் புராணம் படிச்சுட்டு ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி கேள்வி அனுப்பியிருந்தார். ‘எங்க வீட்டுல ஒரு பழைய கார் இருக்குண்ணா. கதவைத் திறந்தாலே குப்புனு நாத்தம். ஃப்ரெண்ட்ஸை ஏத்தவே வெட்கமா இருக்கு. எந்த சென்ட் வாங்கி மாட்டலாம்?’

தம்பி, சரியான ஆளைத்தான் புடிச்சிருக்கீங்க. இந்தப் பாடத்துல அண்ணன் ஏற்கெனவே அரியர் வெச்சு பாஸ் பண்ணவன். பதில் ஒரே வரிதான்: எந்த சென்ட்டும் வாங்காதீங்க. ஏன்னு புரியணும்னா எங்க வீட்டுப் ‘பெரியவன்’ கதையைக் கேட்டாகணும்.

பெரியவன்னா எங்க அண்ணன் இல்லைங்க. 2003 மாடல் மாருதி 800. என்னைவிட ரெண்டு வயசு மூத்தது. அதனால அம்மா வெச்ச பேரு அது. ‘படிக்காதவன்’ ரஜினிக்கு ‘லட்சுமி’ எப்படியோ, எங்க அப்பாவுக்கு இவன் அப்படி. 796 சி.சி., மூணு சிலிண்டர், ஹார்ன் தவிர எல்லாமே சத்தம் போடும்னு காலேஜ்ல ஓட்டுவாங்க. ஆனா, ஆர்.சி-யை ரினியூவல் பண்ணி, 2028 வரைக்கும் ஆயுள் வாங்கி வெச்சிருக்கோம்ல!

வீடு திண்டிவனத்துல, கிடங்கல் பக்கம். காலேஜ் விழுப்புரத்துல. நடுவுல கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். நான் பஸ் பாஸ் ஆசாமி. பெரியவனுக்கு இருக்கிற முக்கியமான டியூட்டி வேற. எங்க ஆயாவுக்கு (அப்பாவோட அம்மா) ரொம்ப வருஷமா இழுப்பு. மாசம் ஒரு தடவை முண்டியம்பாக்கம் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். எழுபது வயசுக்கு மேல ஹைவேஸ்ல நின்னு பஸ் புடிக்க முடியுமா? அதுக்குத்தான் பெரியவன்.

அந்த ராத்திரி

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்த ராத்திரி. எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கிற மயிலத்துல 24 மணி நேரத்துல 50 சென்டிமீட்டருக்கு மேல மழை. உங்க ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்க. 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒண்ணரைக்கும் மேல! வானத்துல இருந்து நேரா ஒரு குளத்தைக் கவுத்த மாதிரி.

டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையில இருந்து 1.68 லட்சம் கன அடி தண்ணியைத் திறந்துவிட, தென்பெண்ணை பொங்கி அரசூர் பக்கம் நெடுஞ்சாலையே முழுகிடுச்சு. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயிலையும் நிறுத்திட்டாங்க. இதெல்லாம் டி.வி-யில பார்த்திருப்பீங்க. டி.வி-யில வராதது எங்க தெரு. காலையில கதவைத் திறந்தா பெரியவன் சீட்டுக்கு அடி வரைக்கும் தண்ணியில உட்கார்ந்திருக்கான், எருமை மாதிரி!

அப்பா பண்ண ஒரே நல்ல காரியம், சாவியைத் தொடாம இருந்தது. வெள்ளத்துல நின்ன வண்டியை ஆசையா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்கன்னா, சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா கதை முடிஞ்சது. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. பிஸ்டன் மேல வரும், தண்ணி வழிவிடாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். இன்ஷூரன்ஸ்? எங்களுக்கு இருந்தது தேர்டு பார்ட்டி மட்டும். அதுல வெள்ளத்துக்குச் சல்லிக்காசு கிடைக்காது. ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறவங்களுக்கும் ஒரு டிப்ஸ்: தண்ணியில நின்ன வண்டியை நீங்களே ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா, ‘அது உங்க தப்பு’னு கம்பெனி கையை விரிக்க வாய்ப்பு அதிகம்.

மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்குக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போனோம். ஆயிலை மாத்தி, பிளக்கைக் கழட்டித் துடைச்சு, பத்து நாள்ல இன்ஜின் உயிர் வந்துடுச்சு. வீடே கைதட்டுச்சு. அப்புறம்தான் கதவைச் சாத்திட்டு உள்ளே உட்கார்ந்தோம். உவ்வே!

சென்ட் செஞ்ச வேலை

அந்த வாடையை எப்படிச் சொல்றது? ஈரத் துணியைப் பக்கெட்டுல மறந்துட்டு மூணு நாள் கழிச்சு எடுத்தா ஒரு வாடை வருமே, அதோட ஏரிச் சேத்தையும் கலந்து, மேல கொஞ்சம் பழைய பாயைப் போட்டு மூடி வெச்ச மாதிரி.

நான்தான் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் ஆச்சே, விடுவேனா? என் காசுல மல்லிகை வாசனை டப்பா ஒண்ணு, லெமன் ஸ்ப்ரே ஒண்ணு, கண்ணாடியில தொங்கவிடுற அட்டை ஒண்ணு. மொத்தம் 640 ரூபாய். டேஷ்போர்டுல வரிசையா வெச்சேன். ‘எப்படிப்பா?’னு கேட்டா, அப்பா ‘எனக்கு ஒண்ணும் நாத்தமே தெரியலையேடா தம்பி’ங்கிறார். ஜெயிச்சுட்டோம்னு நினைச்சேன்.

பொங்கல் முடிஞ்சு ஆயாவைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மார்கழிக் குளிர் இன்னும் விடலை, கண்ணாடியை ஏத்திவிட்டிருந்தோம். விக்கிரவாண்டி டோல்கேட் வர்றதுக்குள்ள ஆயா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாங்க. விசில் மாதிரி மூச்சு. ஓரங்கட்டி, நாலு கதவையும் திறந்துவிட்டு, இன்ஹேலரை வாயில வெச்சு, டீக்கடை பெஞ்சுல உட்கார வெச்சோம். பத்து நிமிஷம் கழிச்சு என் கையைப் புடிச்சுக்கிட்டு மெதுவா சொன்னாங்க: “அடுத்த மாசம் நான் பஸ்லயே வந்துடறேன் கண்ணு. இதுக்குள்ள மூச்சு முட்டுது.”

பக்குனு ஆகிடுச்சு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ‘கார்ல ஏதாவது சென்ட் அடிச்சீங்களா?’ ஈரத்துல வளர்ற பூசணத்தோட வித்துக்கள் காத்துல கலந்து ஆஸ்துமாக்காரங்களுக்கு இழுப்பைக் கிளப்பும். அது போதாதுன்னு ஸ்ப்ரேவும் கிளப்பும். நான் 640 ரூபாய் செலவு பண்ணி ரெண்டாவது விஷத்தையும் சேர்த்து வெச்சிருக்கேன்!

அப்போ அப்பாவுக்கு ஏன் நாத்தம் தெரியலை? அவர் மூக்கு கெட்டுப்போகலை, பழகிப்போச்சு. ஒரே வாடையில கொஞ்ச நேரம் இருந்தா மூளை அதைக் கணக்குல எடுக்கிறதை நிறுத்திடும். ஹாஸ்டல் ரூம்ல நம்ம சாக்ஸ் வாடை நமக்குத் தெரியாது, வார்டன் வந்தாதான் தெரியும். அதே லாஜிக். அதனால பாஸ், உங்க கார் நாறுதா இல்லையான்னு நீங்க சொல்லாதீங்க. வெளியாள் ஒருத்தரை உட்கார வெச்சுக் கேளுங்க.

புரோக்கர் சொன்ன வழி

அந்த வாரமே ஒரு புரோக்கர் வந்தார். பெரியவனைச் சுத்தி வந்து பார்த்துட்டு, “சார், ஷாம்பூ வாஷ் அடிச்சு, புது சீட் கவர் போட்டு, நல்ல சென்ட்டா மாட்டினா வண்டி ஜம்முனு ஆகிடும். வெள்ளம் வராத ஊரா பார்த்துத் தள்ளிடலாம். கைக்கு 35 ஆயிரம் நிக்கும்”னார். எங்க வீட்டு நிலைமைக்கு 35 ஆயிரம் சின்னக் காசு இல்லை. அப்பா ‘நாளைக்குச் சொல்றேன்’னு அனுப்பிட்டார். பொய் சொல்ல மாட்டேன், நானும் ‘வித்துடலாம்ப்பா’னுதான் சொன்னேன்.

காலையில பல் விளக்கிக்கிட்டே அப்பா கேட்டார்: “வாங்குறவனும் யாராவது வயசானவங்களை ஏத்திக்கிட்டுத்தானடா போவான்?” அவ்வளவுதான். புரோக்கருக்கு போன் போகலை.

வேற கார் வாங்க வழியில்லை. ஆயாவை பஸ்ல ஏத்த மனசில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. வாடை எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும்.

ஞாயித்துக்கிழமை ஆபரேஷன்

முதல் ஞாயிறு. மெக்கானிக் அண்ணன் ஷெட்ல சீட்டைக் கழட்டினோம். பயப்படாதீங்க, முன் சீட் நாலு போல்ட்லதான் நிக்குது. மேல இருக்கிற மேட் காஞ்சு மொறுமொறுன்னு இருந்துச்சு. அதைத் தூக்கினா அடியில தடிமனா ஒரு ஃபெல்ட். அண்ணன் அதைக் கையில பிழிஞ்சார். வெள்ளம் வந்து ஒண்ணரை மாசம் ஆச்சு மக்களே, அதுல இருந்து தண்ணி சொட்டுது!

பூசணம் வளர அதிகம் எதுவும் வேணாம். ஈரம், இருட்டு, கொஞ்சம் தூசி. 24-ல இருந்து 48 மணி நேரத்துல குடும்பம் நடத்த ஆரம்பிச்சுடும். நாம மேல சென்ட் அடிக்கிறோம், அது கீழே பிள்ளைகுட்டி பெத்துக்கிட்டு இருக்கு.

அந்த மண்வாடைக்கும் ஒரு காரணம் உண்டு. ஈர மண்ணுல இருக்கிற நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின்னு ஒரு சமாச்சாரத்தை உண்டாக்குது. லட்சம் கோடியில சில துகள் இருந்தாலே மனுஷ மூக்கு அதைக் கண்டுபிடிச்சுடும். முதல் மழைக்கு வர்ற வாசத்துலயும் இது இருக்கு. உத்தரப்பிரதேசத்துல கன்னோஜ்ங்கிற ஊர்ல சுட்ட மண்ணுல இருந்து அந்த மழை வாசத்தை இறக்கி அத்தராவே விக்கிறாங்க. அதே வாசம் மூடின காருக்குள்ள பூசணத்தோட சேர்ந்து வந்தா ஆஸ்பத்திரி. இடம் மாறினா எல்லாம் மாறிடும் போல.

ஃபெல்ட்டைத் தூக்கிப் போட்டோம். அதைக் காயவைக்கிறது வேஸ்ட். நாலு நாள் வெயில்ல போட்டாலும் நடுவுல ஈரம் நிக்கும். புது ஃபெல்ட் 900 ரூபாய். மேட்டையும் சீட்டையும் சோப்புத் தண்ணியில தேய்ச்சு, மொட்டைமாடியில மூணு நாள் வெயில். சாயங்காலம் பனி இறங்குறதுக்குள்ள உள்ளே எடுத்துடணும், இல்லைன்னா பகல்ல காஞ்சது ராத்திரியில திரும்பக் குடிச்சுடும்.

சுத்தமா காஞ்சப்புறம் மிச்சசொச்ச வாடைக்கு அடுப்புக்கரி. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட ரெண்டு கிலோ வாங்கி, துணி மூட்டையாக் கட்டி சீட்டுக்கு அடியில வெச்சோம். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில ‘அட்சார்ப்ஷன்’ படிச்சது ஞாபகம் இருக்கா? கரியில கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் ஏராளம். வாடை மூலக்கூறுகள் அதுக்குள்ள போய் ஒட்டிக்கும். ஆக்டிவேட்டட் கார்பன்னு விக்கிறாங்களே, அதுல ஒரு கிராமுக்கு 500 சதுர மீட்டருக்கு மேல பரப்பு இருக்கும். முதல் உலகப் போர்ல விஷவாயு முகமூடிக்குள்ள வெச்சது இதைத்தான். அடுப்புக்கரி அந்த அளவுக்குக் கில்லாடி இல்லை. ஆனா, ரெண்டு கிலோ சேர்ந்தா சுமாரா வேலை செய்யும்.

இப்போ முக்கியமான சீன். ஃபெல்ட்டை எடுத்தப்போ, முன்பக்கம் இடது சீட்டுல கால் வைக்கிற இடத்துல தகரம் செதில் செதிலா இருந்துச்சு. அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால லேசாக் குத்தினார். பொத்துனு ஓட்டை! அஞ்சு ரூபாய் நாணயம் போற அளவுக்கு. அது வழியாத் தரை தெரியுது. அண்ணன் சிரிக்கலை. குனிஞ்சு, கீழே போற சைலன்சர் பைப் ஜாயின்ட்டைக் காட்டினார். அங்கே கருப்பாப் புகை படிஞ்சிருந்துச்சு. லீக்.

“நாத்தம் அடிச்சதால பொழைச்சீங்க தம்பி. நாத்தம் இல்லாத ஒண்ணு இதுக்குள்ள வருது”ன்னார்.

கார்பன் மோனாக்சைடு! நிறம் இல்லை, வாடை இல்லை. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இதைக் கட்டிப்பிடிச்சுக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் குமட்டல், தூக்கம்... அந்தத் தூக்கத்துல இருந்து எழுந்திருக்க மாட்டாங்க. ஏ.சி-யைப் போட்டுட்டு நின்ன காருக்குள்ள தூங்கி இறந்தவங்க செய்தியை நீங்களே எத்தனை தடவை படிச்சிருப்பீங்க? ஈரம், துரு, ஓட்டை, புகை. சென்ட் டப்பா இந்தச் சங்கிலியில எதையாவது அறுக்குமா சொல்லுங்க.

துருவைச் சுரண்டி, தகரம் வெச்சு வெல்டிங், மேல ரெட் ஆக்சைடு, சைலன்சர் ஜாயின்ட்டுக்குப் புது கேஸ்கட். மொத்தம் 2,300 ரூபாய். ரெண்டாவது ஞாயிறு முடிஞ்சது.

திரும்பி வந்த வில்லன்

எல்லாம் மாட்டி, வாட்டர் வாஷ் பண்ணிப் பளபளன்னு நிறுத்தினோம். நாலு நாள் கழிச்சு கதவைத் திறந்தா... அதே வாடை, கொஞ்சமா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. புது ஃபெல்ட்டைத் தொட்டா இடது பக்கம் மட்டும் ஈரம். மழையே இல்லையே, எப்படி?

இதுக்குத்தான் மூணாவது ஞாயிறு. செலவே இல்லாத டெஸ்ட்: ஒருத்தர் டார்ச்சோட காருக்குள்ள தலையை விட்டுப் படுத்துக்கணும். இன்னொருத்தர் வெளியே மக்குல தண்ணியை ஒவ்வொரு இடமா ஊத்தணும். மொத்தமா ஊத்தக் கூடாது. கதவு ரப்பர், மேல் கண்ணாடி பீடிங்னு ஒவ்வொண்ணா. வைப்பருக்குக் கீழே ஊத்தினப்போ டேஷ்போர்டுக்கு அடியில சொட்டுச் சொட்டா இறங்குச்சு. அங்கே மழைத்தண்ணி வடிஞ்சு வெளியே போக ஒரு வழி உண்டு. நாங்க வருஷக்கணக்கா வேப்பமரத்தடியில நிறுத்துறோமா, சருகும் வேப்பம்பூவும் போய் அடைச்சு எருவே ஆகியிருந்துச்சு. தண்ணிக்கு வேற வழி இல்லாம உள்ளே வந்திருக்கு.

அப்போதான் உறைச்சது. வெள்ளம் ஒரு ராத்திரிதான் வந்துச்சு. இந்த ஒழுகல் பல வருஷமா இருந்திருக்கு. தகரம் துருப்புடிச்சது வெள்ளத்தால மட்டும் இல்லை. ஒரு கைப்பிடி சருகை எடுக்காததாலயும்தான். நாங்க பழியை மொத்தமா புயல் மேல போட்டுட்டு நிம்மதியா இருந்திருக்கோம்.

மூக்கு சிலபஸ்

இப்போ தம்பி, உங்க காருக்கு வருவோம். முதல்ல என்ன வாடைன்னு பாருங்க. அதுலயே பாதி விடை இருக்கு.

பூசண வாடை: மேட்டைத் தூக்குங்க, டிக்கியில ஸ்டெப்னி கிடக்கிற குழியைப் பாருங்க. ஈரம் எங்கேயோ ஒளிஞ்சிருக்கு.

ஏ.சி போட்டதும் அழுக்கு சாக்ஸ் வாடை: உள்ளே இருக்கிற கூலிங் காயில்ல ஈரமும் தூசியும் சேர்ந்து கிருமி வளருது. வீடு வர்றதுக்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடி ஏ.சி-யை அணைச்சுட்டு ப்ளோயரை மட்டும் ஓடவிடுங்க. காயில் காஞ்சுடும். ஏ.சி ஓடுறப்போ காருக்குக் கீழே தண்ணி சொட்டணும். சொட்டலைன்னா டியூப் அடைச்சிருக்கு, அந்தத் தண்ணி உங்க மேட்டுக்குத்தான் வருது.

பால், தயிர், இட்லி மாவு கொட்டின புளிச்ச வாடை: இது ஆசிட் குடும்பம். ஆப்ப சோடாவைத் தூவி, ராத்திரி முழுக்க விட்டுட்டு, காலையில வேக்யூம் போட்டு எடுங்க.

மீன், கருவாட்டு வாடை: மரக்காணம் போயிட்டு வர்ற எங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் இது அத்துப்படி. இது ஆசிட்டுக்கு எதிர் கட்சி, அமீன் குடும்பம். வினிகரைத் தண்ணியில கலந்து துணியில நனைச்சுத் துடைச்சா அமீன் உப்பா மாறி அடங்கிடும். மீன் குழம்புல அம்மா புளி கரைச்சு ஊத்துறதும் இதே கெமிஸ்ட்ரிதான். புளியமரக் காடுங்கிற அர்த்தத்துல ‘திந்திரிணி வனம்’தான் திண்டிவனம் ஆச்சுன்னு சொல்வாங்க. எங்க ஊர் பேர்லயே மருந்து இருக்கு பாருங்க! ஆனா, சீட்ல புளியைக் கரைச்சு ஊத்திடாதீங்க, கறை போகாது.

செத்த எலி வாடை: ப்ளோயர் வழியைத் திறந்து பாருங்க. குடியிருந்தவர் காலமாகியிருப்பார்.

அழுகின முட்டை வாடை: பேட்டரி ஓவரா சார்ஜ் ஆகலாம். மெக்கானிக்கைப் பாருங்க.

இனிப்பா ஒரு வாடை: கூலன்ட் ஒழுகலாம். ரேடியேட்டர் அளவைப் பாருங்க.

கருகின வாடை: கிளட்சா, வயரிங்கான்னு உடனே பார்க்கணும். பிளாஸ்டிக் கருகுற மாதிரி இருந்தா வண்டியை நிறுத்தி, இறங்கிடுங்க.

பெட்ரோல் வாடை: ஆராய்ச்சி பண்ணாதீங்க. சுவிட்சைக் கூடத் தொடாம இறங்கி, தள்ளி நின்னு மெக்கானிக்குக்கு போன்.

செய்யக் கூடாதது மூணு. காருக்குள்ள சாம்பிராணி போடுற பாட்டி வைத்தியம் வேணவே வேணாம், அது பெட்ரோல் வண்டி. பாச்சை உருண்டையை மூடின காருக்குள்ள போட்டு வைக்காதீங்க, அந்த ஆவி குழந்தைகளுக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடரோட வினிகரையோ ஆசிட்டையோ கலக்காதீங்க, குளோரின் வாயு வரும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறீங்களா?

நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து பழைய கார் வாங்குற பிளான்ல இருக்கீங்களா? இதை வெட்டி பர்ஸ்ல வெச்சுக்கோங்க. மத்தியான வெயில்ல கண்ணாடியை ஏத்தி அரை மணி நேரம் நிறுத்திட்டு, அப்புறம் கதவைத் திறந்து மோந்து பாருங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. யாரும் அதைக் கடைசி வரைக்கும் கழுவ மாட்டாங்க, சேத்துக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில ரெயில், போல்ட் எல்லாம் துருவான்னு பாருங்க. ஹெட்லைட்டுக்குள்ள பனி மாதிரி படிஞ்சிருக்கான்னு பாருங்க. கதவைத் திறந்ததுமே கல்யாண மண்டபம் மாதிரி கமகமன்னு இருந்தா, சந்தோஷப்படாம சந்தேகப்படுங்க. 2015 சென்னை வெள்ளம் ஆகட்டும், ஃபெஞ்சல் ஆகட்டும், முழுகின வண்டி எல்லாம் எடைக்குப் போயிடலை. குளிச்சு, பவுடர் பூசிட்டு, எங்கேயோ ஒரு ஊர்ல ‘சிங்கிள் ஓனர்’னு நின்னுக்கிட்டு இருக்கும்.

பெரியவன் கதைக்கு வர்றேன். மொத்தச் செலவு கரியையும் சேர்த்து 3,300 ரூபாய் சொச்சம், மூணு ஞாயித்துக்கிழமை. மெக்கானிக் அண்ணன் கூலியில பாதியைத்தான் வாங்கினார். மீதிக்கு என்னை லீவுல ஷெட்டுக்கு வரச் சொல்லிட்டார். இப்போ வேப்பமரத்தடியில நிறுத்துறது இல்லை. மாசம் ஒரு தடவை வைப்பருக்குக் கீழே கையை விட்டுச் சருகு எடுக்கிறது என் டியூட்டி. அதுக்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுசா வந்துட்டுப் போச்சு. மேட்டுக்கு அடியில கையை வெச்சா காஞ்சிருக்கு.

சரி பண்ணப்புறம் முதல் ட்ரிப் அன்னிக்கு ஆயா ஏறுறதுக்கு முன்னாடி கதவுகிட்டயே நின்னாங்க. மூக்கை உள்ளே நீட்டி ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. ஏறி உட்கார்ந்துட்டாங்க. நான் பின் சீட்ல இருந்து அவங்க மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு வந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்ல அப்பா திரும்பிப் பார்த்து, ‘அம்மா எப்படிடா?’ன்னு கண்ணாலயே கேட்டார்.

ஆயா வாயைத் திறந்துக்கிட்டு நல்லாத் தூங்கிட்டு இருந்தாங்க. லேசா குறட்டை. விசில் இல்லை.

அடுத்த வாரம்: பஸ்ல வாந்தி வர்றது ஏன், எந்த சீட்ல உட்கார்ந்தா தப்பிக்கலாம்? ஐ.வி. கிளம்புறவங்க மிஸ் பண்ணிடாதீங்க. வர்ட்டா!